ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் என்கிறார் நைனா, சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டார்: போன்தான் காரணமா?

காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்:

"எங்க நைனாவுக்கு 63 வயசு. ஹார்பர்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒரு நாள் ரேஷன் அரிசி கழுவும்போது சில அரிசி தண்ணில மெதந்துச்சு. அது இன்னான்னு யூடியூப்ல தேடினார். அங்க ஆரம்பிச்சது. இப்போ ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன்தான். அரிசியில பிளாஸ்டிக், தடுப்பூசி ஜனத்தொகையைக் குறைக்கத்தான், சர்க்கரைன்னு ஒரு நோயே கெடையாதுன்னு பேசுறார். ரெண்டு மாசமா மாத்திரை போடல. தூக்கம் இல்ல, எல்லார் மேலயும் கோபம். தங்கச்சி பத்தாவது படிக்குது, அது கையிலயும் எந்நேரமும் ரீல்ஸ். இதெல்லாம் அல்காரிதம் பண்ற வேலைதானா? போனைப் பிடுங்கிட்டா சரியாயிடுமா?"

தம்பி, முதலில் மாத்திரை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. இரண்டு மாதமாக மருந்து இல்லாத உடம்பில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று இந்த வாரமே பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை, கூடவே மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தே தொடங்கலாம். அவர் பாதத்தில் ஆறாத புண் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அடங்காத தாகம், வாந்தி, அசதியோடு கூடிய மயக்கம் இருந்தால் காத்திருக்காதீர்கள், அன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். மனநல சமூகப் பணியாளராக 16 வருடம் இந்தப் பக்கத்து வீடுகளுக்குத்தான் போய் வருகிறேன். உங்கள் வீட்டுக் கதையை, பெயரையும் தெருவையும் மாற்றிப் பல முறை கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போன் காரணம்தான், ஆனால் பாதிக் காரணம். மீதிப் பாதி அந்தச் சட்டியில் மிதந்த அரிசியில் இருக்கிறது.

உங்கள் நைனா பார்த்தது பொய்யில்லை. அது ரேஷனில் கலந்து கொடுத்த செறிவூட்டப்பட்ட அரிசி. 2024-க்குள் எல்லா அரசுத் திட்டங்களிலும் இந்த அரிசிதான் கொடுக்கப்படும் என்று 2021 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்தார். அரிசியை மாவாக்கி, இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, இயந்திரத்தில் மறுபடியும் அரிசி வடிவத்தில் பிழிந்து எடுக்கிறார்கள். சாதாரண அரிசியில் நூற்றுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் அதைக் கலக்கிறார்கள். பிழிந்து செய்த அரிசி என்பதால் நிறம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். சில மிதக்கும். அறுபது வருடமாகச் சோறு தின்ற மனிதர், அரிசி மாறியதைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார். "இது இன்னா" என்று அவர் கேட்டபோது பதில் சொல்ல ரேஷன் கடையில் ஆள் இல்லை, வீட்டிலும் யாருக்கும் தெரியவில்லை. கேள்வியைப் போனிடம் கொண்டு போனார்.

அந்த இடத்தில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

யூடியூப் ஆரம்ப காலத்தில் எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதை வைத்து வீடியோக்களை மேலே கொண்டுவந்தது. முகப்புப் படத்தைக் காட்டி ஏமாற்றுபவர்கள் பெருகியதால் 2012-இல் அளவுகோலை மாற்றினார்கள்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதுதான் இனிக் கணக்கு. உலகம் முழுக்க ஒரு நாளைக்கு 100 கோடி மணி நேரம் பார்க்கவைப்பதை இலக்காக வைத்து, அதை 2016-இல் எட்டினார்கள். அந்த நிறுவனத்துப் பொறியாளர்களே அந்த வருடம் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், நீங்கள் அல்காரிதம் என்று சொன்ன அந்தக் கணக்குப் போடும் இயந்திரம் வேலை செய்யும் விதம் இருக்கிறது. லட்சக்கணக்கான வீடியோக்களிலிருந்து சில நூறை முதலில் பொறுக்குகிறது. பிறகு அந்தச் சில நூறில், இந்த மனிதர் எதை அதிக நேரம் பார்ப்பார் என்று கணித்து வரிசைப்படுத்துகிறது. மக்கள் யூடியூபில் செலவிடும் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் இந்தப் பரிந்துரைகளால் வருவதாக 2018-இல் நிறுவனமே சொன்னது. நாம் தேடிப் பார்ப்பது கொஞ்சம், அது எடுத்து வைத்துப் பார்ப்பதுதான் அதிகம்.

காசிமேட்டு ஏலத்தில் மீன் வாங்க வருகிற அக்கா, செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார். இந்த இயந்திரத்துக்குச் செவுளைத் தூக்கும் கை கிடையாது. வீடியோவில் சொல்வது உண்மையா என்ற கேள்வி அந்தக் கணக்கில் இல்லாமலேதான் அதைக் கட்டினார்கள். மிதக்கும் அரிசியைப் பற்றி ஒரு சத்துணவு அலுவலர் இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம். பார்த்தவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிடும், போனைக் கீழே வைத்துவிடுவார். "உங்களுக்குத் தெரியாமல் என்ன கொடுக்கிறார்கள் பாருங்கள்" என்று தொடங்கும் 20 நிமிட வீடியோ முடியும்போது சந்தேகம் இரட்டிப்பாகியிருக்கும், அடுத்ததையும் பார்ப்பார். தீராத சந்தேகம்தான் அதிக நேரம் பார்க்கவைக்கிறது. இயந்திரம் அதைக் கற்றுக்கொள்கிறது.

அரிசியிலிருந்து தடுப்பூசிக்கு எப்படிப் போனார் என்று நீங்கள் குழம்பியிருப்பீர்கள். அரிசி வீடியோ பார்த்த பலர் கலப்பட எண்ணெய் வீடியோவும் பார்த்திருப்பார்கள். அதைப் பார்த்தவர்களில் பலர் "மாத்திரையே வேண்டாம்" என்பவரைப் பார்த்திருப்பார்கள். அவரைப் பார்த்தவர்கள் உலக சதி பேசுபவரை. முன்னால் போனவர்களின் கால் தடத்தில் அடுத்தவரை நடத்திக்கொண்டு போவதுதான் பரிந்துரை. உங்கள் நைனாவைக் கெடுக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மை போலத் தோன்றும் என்பது 1977-லேயே சோதனையில் தெரிந்த விஷயம். பத்து வெவ்வேறு முகங்கள் அதையே சொல்லும்போது, "எல்லாரும்தான் சொல்றாங்க" என்கிறார். அந்தப் பத்துப் பேரையும் வரிசையாக நிறுத்தியது ஒரே கணக்கு என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது.

ஃபேஸ்புக்கிலும் இதே கதை. 2017 முதல் கோப முகத்தை ஒருவர் அழுத்தினால் அதை ஐந்து லைக்குக்குச் சமமாக எடைபோட்டார்கள். கோபம் வரவழைக்கும் பதிவுகளில் பொய்யும் விஷமும் அதிகம் என்று அவர்களுடைய ஆய்வாளர்களே எடுத்துச் சொன்னார்கள். அந்த எடை 2020-இல்தான் பூஜ்யமானது. பிரான்சிஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் 2021-இல் வெளியே கொண்டுவந்த உள் ஆவணங்களில் நம் பக்கத்துச் செய்தி ஒன்று உண்டு. 2019 பிப்ரவரியில் ஒரு ஆய்வாளர், கேரளத்தில் இருப்பவர் போலப் புதுக் கணக்கு தொடங்கி, ஃபேஸ்புக் சொன்ன குழுக்களிலும் பக்கங்களிலும் மட்டும் சேர்ந்து பார்த்தார். மூன்று வாரத்தில், வாழ்நாள் முழுக்கப் பார்த்ததைவிட அதிகமான பிணங்களின் படங்களைப் பார்த்துவிட்டதாக எழுதி வைத்தார். பொய்ச் செய்தியை வகைப்படுத்தச் செலவிடும் நேரத்துக்கான பட்ஜெட்டில் 87 சதவீதம் அமெரிக்காவுக்கே ஒதுக்கப்பட்டிருந்ததாகவும் அதே ஆவணங்கள் காட்டின. அந்தக் கணக்கு முழுமையானதல்ல என்று நிறுவனம் மறுத்தது. ஆனால் ஃபயர்பாக்ஸ் உலாவியை நடத்தும் மொசில்லா அமைப்பு 2021-இல் யூடியூப் பற்றிச் செய்த ஆய்வும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது. "ஏன் பார்த்தோம்" என்று மக்கள் வருந்திய வீடியோக்கள், ஆங்கிலம் முதல் மொழியாக இல்லாத நாடுகளில் 60 சதவீதம் அதிகமாக வந்தன. தமிழில் பார்க்கும் உங்கள் நைனாவுக்குக் காவல் குறைவு.

இனி மறுபாதி.

வட சென்னைக்காரருக்குச் சந்தேகம் வருவதை நான் நோய் என்று சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. வலையும் படகும் கறுத்துப் போன பிறகுதான் பேச்சே ஆரம்பித்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி எழுந்த ஜனங்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாங்களாகவே ஓடினார்கள். சாம்பலையும் புகையையும் சுவாசித்துக்கொண்டு, "பயப்பட ஒன்றுமில்லை" என்ற அறிக்கையைப் பல வருடம் படித்த மக்களிடம் போய், "அரசு சொல்வதை நம்புங்கள்" என்றால் எப்படி நம்புவார்கள்? நம் ஆட்களின் அவநம்பிக்கை அனுபவத்தில் விளைந்தது. அதைத்தான் அந்த இயந்திரம் அறுவடை செய்கிறது. எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். எண்ணூர் விஷயத்தில் சந்தேகம் போக ஒரு இடம் இருந்தது. மீனவர்கள் கேட்டார்கள், பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது, ஆய்வுக் குழு வந்தது. போனுக்குள் போன சந்தேகத்துக்கு விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அது வெறும் பயமாக ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையில் கிடக்கிறது.

கண்ணால் பார்த்த இரண்டு விஷயங்களை ஒன்றாக முடிச்சுப் போடும்போதுதான் இது பலமாகப் பிடிக்கிறது. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17 அன்று மாரடைப்பில் இறந்தார். இரண்டும் உண்மை. தடுப்பூசியால் அவர் இறக்கவில்லை என்று தேசியக் குழு ஆராய்ந்து சொன்னபோது அக்டோபர் ஆகிவிட்டது. அந்த ஆறு மாதத்தில் எத்தனை கிழவிகள் கையை இழுத்துக்கொண்டார்கள் என்பதை வீடு வீடாகப் போன எங்களுக்குத் தெரியும். உடம்பு விஷயத்தில் இது உயிரையே கேட்கும். 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் செய்துகொள்ள முயன்ற ஒரு பள்ளி ஆசிரியை இறந்துபோனார்.

எல்லாவற்றையும் அல்காரிதத்தின் தலையில் கட்டிவிடவும் முடியாது. 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து, பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். நமக்கு வடக்கே கொஞ்ச தூரம்தான். அந்த வதந்தி வந்தது வாட்ஸப்பில். அங்கே வரிசைப்படுத்தும் கணக்கு எதுவும் இல்லை, மனிதர்களின் கைதான் தள்ளிவிட்டது. அதன் பிறகு இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி செய்தார்கள். 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு முறைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்பலாம் என்று இறுக்கியபோது அப்படிப்பட்ட ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் சொன்னது. அவ்வளவு சின்னத் தடை போதுமாயிருந்தது.

ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2020 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு மூன்று மாதம் அல்காரிதத்தை எடுத்துவிட்டு, நேர வரிசையில் மட்டும் பதிவுகளைக் காட்டினார்கள். அவர்களுடைய அரசியல் கருத்து பெரிதாக மாறவில்லை. தீவிர வீடியோக்களைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் முன்பே மனதில் வன்மம் இருந்து, தாங்களாகவே அந்தச் சேனல்களுக்குச் சந்தாதாரர் ஆனவர்கள் என்று 2023-இல் வந்த இன்னொரு ஆய்வு சொன்னது. என் அனுபவமும் இதுதான். ஒன்றுமே இல்லாத இடத்தில் போன் பயத்தை விதைப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. ஓய்வு பெற்று, கூட்டாளிகள் சிதறி, வீட்டில் யாரும் யோசனை கேட்காத மனிதரிடம் இருக்கும் ஒரு சின்னப் பொறியை அது ஊதிவிடுகிறது.

அவருடைய தூக்கமும் கோபமும் இதோடு சேர்ந்ததுதான். பயந்தவருக்குத் தூக்கம் வராது. தூக்கம் வராதவர் போனை எடுப்பார். அது இன்னும் பயமுறுத்தும். 2018-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 2,700 பேரை வைத்து ஒரு சோதனை செய்து, ஒரு பகுதியினரை நான்கு வாரம் ஃபேஸ்புக்கை மூடவைத்தார்கள். அவர்களுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் மிச்சமானது, மனநிலை கொஞ்சம் தேறியது. கொஞ்சம்தான். அந்த அளவுக்குமேல் எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்.

தங்கச்சியைப் பற்றி: உடல் தோற்றக் கவலை ஏற்கெனவே இருந்த பெண் பிள்ளைகளில் மூவரில் ஒருவருக்கு இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியது என்று அந்த நிறுவனத்தின் 2019 உள் ஆய்விலேயே இருக்கிறது. மொத்தமாக எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்த வேறு ஆய்வுகளில் பாதிப்பு மிகச் சிறியதாகத் தெரிகிறது. எனவே மணிக்கணக்கை எண்ணிச் சண்டை போடாமல், அவள் என்ன பார்க்கிறாள், பார்த்த பிறகு எப்படி இருக்கிறாள் என்று கவனியுங்கள். சாப்பாட்டைக் குறைக்கிறாளா, நிறத்தைப் பற்றிக் கண்ணாடி முன் அழுகிறாளா, போட்டோவுக்கு வர மறுக்கிறாளா? அப்படி இருந்தால் தனியாக எழுதுங்கள்.

போனைப் பிடுங்காதீர்கள். ரகசியமாக அதன் அமைப்பை மாற்றவும் வேண்டாம். "எனக்குத் தெரியாம ஏதோ செய்றாங்க" என்று நம்புகிறவருக்கு, வீட்டுக்குள்ளேயே அதற்கு ஆதாரம் கொடுத்ததாகிவிடும். அவரிடமே சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். மொசில்லா 2022-இல் சோதித்தபோது, பிடிக்கவில்லை என்று அழுத்துவதும் விருப்பமில்லை என்று அழுத்துவதும் வேண்டாத பரிந்துரைகளில் எட்டில் ஒன்று, ஒன்பதில் ஒன்றைத்தான் தடுத்தன. 'இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே' என்பது 43 சதவீதத்தைத் தடுத்தது. அதைவிடச் சுத்தமான வழி, பார்த்த வரலாற்றை அழித்து, இனிச் சேமிக்காதபடி நிறுத்துவது. 2023 முதல் அப்படிச் செய்தால் யூடியூபின் முகப்புப் பக்கம் காலியாகவே இருக்கும், வேண்டியதை அவரே தேட வேண்டும். தானாக அடுத்த வீடியோ ஓடுவதையும் நிறுத்துங்கள். "நைனா, நீ கேக்காததை அது காட்டாம இருக்கட்டுமே" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடும். யாரோ தன்னை நடத்திப் போவதை வெறுக்கிற மனிதர்தானே அவர்.

பேச்சில் கேலி வேண்டவே வேண்டாம். சதி நம்பிக்கை உள்ளவரிடம் ஆதாரம் பேசிப் பயனில்லை என்று நீண்ட காலம் நினைத்தார்கள். 2024-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வொருவரும் தன் நம்பிக்கைக்குச் சொன்ன காரணத்தையே எடுத்து, அதற்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்லும்படி ஒரு செயற்கை நுண்ணறிவு நிரலைப் பேசவைத்தார்கள். நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, இரண்டு மாதம் கழித்தும் அப்படியே நின்றது. அவர் எந்தக் கல்லில் தடுக்கினாரோ அந்தக் கல்லை எடுக்க வேண்டும், ஊரில் உள்ள கல்லையெல்லாம் எடுக்க வேண்டியதில்லை. மாத்திரை விஷயத்தில் உங்களைவிட, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் சுகாதாரத் தன்னார்வலர் அக்கா சொன்னால் காதில் ஏறும். தெரிந்த முகம், பக்கத்துத் தெருப் பெண். "இன்னா தாத்தா, கால் எரியுதா" என்று கேட்டு ஆரம்பிப்பார். மாலையில் அவரைப் பழைய ஹார்பர் கூட்டாளிகளோடு கேரம் போர்டு முன்னால் உட்காரவைக்க முடிந்தால் அதையும் செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் கூர்ந்து பாருங்கள். "ஊரையே ஏமாத்துறாங்க" என்பது நம்பிக்கை. "என்னைத்தான் பின்தொடர்றாங்க, என் சோத்துலதான் விஷம் வைக்கிறாங்க, டிவியில என்னைப் பத்திப் பேசுறாங்க" என்று மாறினால், ஆள் இல்லாத குரல் கேட்டால், சாப்பிட மறுத்தால், அது வேறு. அதை வாதாடித் தீர்க்க முடியாது, மருத்துவம் வேண்டும். ஸ்டான்லியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

சர்க்கரைப் பரிசோதனை முடிந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, அவரிடமிருந்தே அந்த மிதக்கும் அரிசியைக் கேட்டு வாங்குங்கள். பத்துப் பதினைந்து அரிசி போதும். அவர் கையாலேயே பொடித்து, கொஞ்சம் சுடுதண்ணீரில் கரைத்து ஆறவிடச் சொல்லுங்கள். இன்னொரு கிண்ணத்தில் கடை அரிசியை அதே மாதிரி. மூன்றாவதில் பிளாஸ்டிக் பையிலிருந்து நறுக்கிய துண்டு. புண்ணுக்குப் போடும் பீட்டாடினைத் தண்ணீரில் கலந்து மூன்றிலும் ஒவ்வொரு சொட்டு விடட்டும். மாவுச்சத்து இருக்கும் இடம் கருநீலமாகும், பிளாஸ்டிக் ஆகாது. சொட்டு விடுவதும் பார்ப்பதும் அவராகவே இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், ஒன்றும் சொல்ல வேண்டாம். அடுத்து எதைச் சோதிக்கலாம் என்று அவர் கேட்டால் எனக்கு எழுதுங்கள்.